படத்துக்குள் இருப்பவர்களின் பெயர் என்ன?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேச எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள். பிரான்சிலும் ஹாலந்திலும் வாழ்ந்து மறைந்த ஓவியர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை உலகம் முழுக்க விரும்பிப் படிக்கிறார்கள். படித்துவிட்டுக் கண் கலங்குகிறார்கள். யாருக்காகக் கலங்குகிறார்கள் என்று பாருங்கள். ஓவியருக்காக. அவருடைய பட்டினி, அவருடைய தனிமை, உயிரோடு இருந்தபோது கிடைக்காத புகழ். ஆனால் அவர் தீட்டிய படத்துக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். உருளைக்கிழங்கு தோண்டியவர்கள், தறி நெய்தவர்கள், கையில் பூங்கொத்தோடு எஜமானியின் கட்டிலருகே நிற்கும் வேலைக்காரப் பெண். அவர்களும் பசித்திருந்தார்கள், அவர்களும் நோயில் கிடந்தார்கள். அவர்களுக்குப் பல புத்தகங்களில் பெயர்கூடக் கிடையாது. 'விவசாயப் பெண்', 'பணிப்பெண்', 'கறுப்பினப் பெண்' என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒருவர் தம் பெயரால் அறியப்படுகிறார்; இன்னொருவர் செய்யும் வேலையாலோ பிறந்த பிறப்பாலோ மட்டும் அறியப்படுகிறார். இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு நமக்கு அந்நியமானது அல்ல என்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்குவோம். வின்சென்ட் வான்கோ. 1853இல் ஹாலந்தில் பிறந்து, 1890இல் பிரான்சில், 37 வயதில் இறந்தவர். அவரைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன புத்தகங்களில் மிகப் புகழ் பெற்றது இர்விங் ஸ்டோன் எழுதிய 'லஸ்ட் ஃபார் லைஃப்' என்ற நாவல். 1934இல் வந்தது. 1956இல் கிர்க் டக்ளஸ் நடிக்கத் திரைப்படமாகவும் ஆனது. இன்று நம்மில் பலர் மனத்தில் வைத்திருக்கும் வான்கோ பெரும்பாலும் அந்த நாவலின் வான்கோதான். யாருக்கும் புரியாத ஒரு மேதை, காதை அறுத்துக்கொண்டவர், மனநல விடுதியில் கிடந்தவர், கடைசியில் துப்பாக்கிக் குண்டால் இறந்தவர். அவர் இறந்த பிறகு படங்கள் கோடிகளுக்கு விலைபோயின. கதை அத்துடன் முடிகிறது.

அந்த நாவலில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அது பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. 1878 கடைசியில் வான்கோ அங்கே கிறித்தவப் பிரசங்கியாகப் போகிறார். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கிறார். தன் துணிமணிகளைக் கொடுத்துவிடுகிறார், வைக்கோலில் படுக்கிறார். அவரை அனுப்பிய திருச்சபைக் குழு 1879இல் அவருடைய பணியை நீட்டிக்கவில்லை. தொழிலாளிகளோடு தொழிலாளியாக இப்படி இழிந்து வாழ்வது ஊழியரின் மரியாதைக்குப் பொருந்தாது என்று நினைத்தார்கள். அதன் பிறகுதான், 27 வயதில், ஓவியராவது என்று அவர் முடிவு செய்கிறார். ஓவியர் வான்கோ பிறந்தது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வான்கோ ஏழை வீட்டில் பிறந்தவர் அல்ல. அப்பா சபைப் போதகர். அப்பாவின் உடன்பிறந்தவர்களில் மூவர் ஓவிய வணிகர்கள். தம்பி தியோ பாரிசில் பெரிய ஓவிய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். பல ஆண்டுகள் தியோ அண்ணனுக்கு மாதம் சுமார் 150 பிராங்கு அனுப்பினார். அந்தப் பணத்தில்தான் வண்ணமும் கித்தானும் வாங்க வேண்டும், எதிரே உட்கார்பவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். ஆகவே அவர் பட்டினி கிடந்தது உண்மைதான். அதில் பொய் இல்லை.

இப்போது இன்னொருவரைப் பாருங்கள். ஆர்ல் நகரத்து அஞ்சல் ஊழியர் ஜோசப் ரூலன். நீலச் சீருடையும் அடர்ந்த தாடியுமாக அவரை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவருடைய சம்பளம் மாதம் 135 பிராங்கு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் சேர்த்து ஐந்து பேர் அதில் வாழ வேண்டும். இந்தக் கணக்கை நமக்குச் சொல்பவர் யார் தெரியுமா? வான்கோவேதான். தம்பிக்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு குறைந்த பணத்தில் இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வியந்து எழுதுகிறார். காது அறுபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது அவரைப் போய்ப் பார்த்ததும், தியோவுக்குச் செய்தி எழுதியதும் இந்த ரூலன்தான். வான்கோ தனியாகக் கிடந்த மேதை என்று நாவல் சொல்கிறது. அவரை ஓர் அஞ்சல் ஊழியரின் குடும்பம் பார்த்துக்கொண்டது என்று கடிதங்கள் சொல்கின்றன. ரூலன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேரையும் வான்கோ தனித்தனியாக வரைந்தார். ஐந்து பேரின் பெயரும் நமக்குத் தெரியும். படத்துக்குள் இருப்பவர்களில் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

கிளாசினா மரியா ஹூர்னிக் என்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. சியன் என்று கூப்பிடுவார்கள். 1882இல் ஹேக் நகரத்தில் வான்கோ அவரைச் சந்தித்தபோது சியன் கருவுற்றிருந்தார். கூடவே ஒரு சிறு மகள். துணி தைத்தும் வெளுத்தும் பிழைத்தவர், அது போதாதபோது தெருவில் நிற்கவும் நேர்ந்தவர். வான்கோ அவரை எதிரே உட்கார வைத்து ஏராளமான படங்கள் வரைந்தார். தலையைக் கைகளில் புதைத்து, ஆடையின்றி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் உண்டு. 'துயரம்' என்று பெயர். அது சியன்தான். அவருடைய ஆண் குழந்தை பிறந்த பிறகு எல்லோரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். வான்கோ அவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பினார். குடும்பம் எதிர்த்தது, நண்பர்கள் விலகினார்கள், கையில் பணம் இல்லை. 1883 செப்டம்பரில் வான்கோ அந்த வீட்டை விட்டுப் போனார்.

பெரும்பாலான புத்தகங்களில் சியனின் கதை இங்கே முடிந்துவிடும். ஓவியர் வாழ்க்கையில் அவர் ஓர் அத்தியாயம். ஆனால் சியனுக்கு அதன் பிறகும் 21 ஆண்டுகள் வாழ்க்கை இருந்தது. 1904இல் அவர் நீரில் விழுந்து உயிரை விட்டார். வான்கோவின் சாவைப் பற்றி மட்டும் எத்தனை புத்தகங்கள்! சுட்டது அவரா வேறு யாரோவா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. சியனின் சாவு பல புத்தகங்களில் அடிக்குறிப்பு. 'துயரம்' என்று பெயரிட்ட படம் இருக்கிறது. துயரப்பட்ட பெண்ணின் பெயர் அந்தப் படத்தின் பெயரில் இல்லை.

அடுத்து நூனன் என்ற கிராமம். அப்பா அங்கே போதகராக இருந்ததால் வான்கோ அங்கே போய்ச் சேர்ந்தார். தறி நெய்பவர்களை முதலில் வரைந்தார். எவ்வளவு உழைத்தால் எவ்வளவு கூலி, வேலை இல்லாமல் எத்தனை நாள் உட்கார வேண்டியிருக்கிறது என்று கடிதங்களில் எழுதினார். பிறகு 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. ஒரே விளக்கின் கீழே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டுக்குள் நீளும் இந்தக் கைகள்தான் மண்ணையும் தோண்டின, சாப்பாட்டை நேர்மையாகச் சம்பாதித்தன என்பதைக் காட்டவே அப்படி வரைந்ததாகத் தம்பிக்கு எழுதினார். உழைப்பவர் கையை அழகுபடுத்தாமல், முகத்தை வெளுப்பாக்காமல், மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறத்திலேயே வரைந்தார். அது பெரிய காரியம். நண்பர் ஒருவரே அந்தப் படத்தைக் கடுமையாகக் குறை சொன்னபோதும் வான்கோ விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மேசையில் இருப்பவர்கள் தெ க்ரோட் குடும்பம். அதில் ஒரு பெண் கோர்டினா. படம் முடிந்த சில மாதங்களில் கோர்டினா திருமணமாகாமலே கருவுற்றிருப்பது தெரிந்தது. ஊர் வான்கோவைச் சந்தேகித்தது. அவர் மறுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார் என்ன செய்தார் தெரியுமா? இனி யாரும் இந்த ஓவியருக்கு எதிரே போய் உட்காரக் கூடாது என்று மக்களைத் தடுத்தார். உட்காராமல் இருந்தால் பணம் தருவதாகவும் சொன்னார் என்று வான்கோ எழுதுகிறார். நூல்கள் இந்தச் சம்பவத்தை எப்படிச் சொல்கின்றன? ஓவியருக்கு மாதிரிகள் கிடைக்காமல் போன துன்பமாகச் சொல்கின்றன. பாதிரியாரின் சொல்லுக்கும் ஊரின் வாய்க்கும் நடுவே, வயிற்றில் பிள்ளையோடு அதே ஊரில் வாழ வேண்டியிருந்த கோர்டினாவின் பக்கத்திலிருந்து எத்தனை பேர் சொன்னார்கள்? வான்கோ அந்த ஆண்டின் கடைசியில் ஊரை விட்டுப் போய்விட்டார். அவரால் போக முடிந்தது.

இனி அந்தக் காதுக் கதை. 1888 டிசம்பர் 23. வான்கோ தன் காதை அறுத்து, விலைமாதர் விடுதி ஒன்றுக்குக் கொண்டுபோய் ஒரு பெண்ணிடம் கொடுத்தார். உள்ளூர்ப் பத்திரிகை அந்தப் பெண்ணின் பெயர் ரேச்சல் என்று எழுதியது. அடுத்து வந்த நாவலும் திரைப்படமும் வாழ்க்கை வரலாறுகளும் அதையே பிடித்துக்கொண்டன. 'ரேச்சல் என்ற விலைமாது' என்று எழுதியாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் போய் விசாரிக்கவில்லை.

பெர்னடெட் மர்ஃபி என்ற ஆய்வாளர் விசாரித்தார். அவருடைய நூல் 2016இல் வந்தது. ஆர்ல் நகரத்து ஆவணங்களை ஆண்டுக்கணக்காகப் புரட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் காப்ரியேல். அவர் விலைமாது அல்ல. விடுதியில் துப்புரவு வேலையும் எடுபிடி வேலையும் செய்த இளம்பெண். அதே ஆண்டின் தொடக்கத்தில் வெறிநாய் கடித்து, பாரிசில் பாஸ்டர் மருத்துவத்தால் உயிர் பிழைத்தவர். அந்த மருத்துவச் செலவுக் கடனை அடைக்கத்தான் வேலைக்குப் போனார். கையில் அந்தக் காயத்தின் தழும்பு இருந்தது. காயம்பட்ட ஒருவரிடம் காயம்பட்ட இன்னொருவர் தன் சதையைக் கொண்டுபோய்க் கொடுத்தாரோ என்று மர்ஃபி யோசிக்கிறார். அது ஊகம்தான், நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் காப்ரியேல் யார் என்பது ஊகம் அல்ல.

இதே மர்ஃபி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வான்கோவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரே, காது எப்படி அறுபட்டது என்று 1930இல் ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தார். காதின் மடல் நுனி மட்டுமல்ல, ஏறக்குறைய முழுக் காதுமே போயிருந்தது. யாருக்கு வரைந்து கொடுத்தார்? நாவல் எழுதத் தகவல் திரட்டிக்கொண்டிருந்த இர்விங் ஸ்டோனுக்கு. அந்தத் தாள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்டோனின் தாள்களுக்கிடையே கிடந்தது. ஓவியரின் காதில் எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள ஒருவர் கடல் கடந்து போய் மருத்துவரைக் கண்டுபிடித்தார். காதை வாங்கிய பெண் யார் என்று தெரிந்துகொள்ள அதற்குப் பிறகு 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இரண்டு ஆர்வங்களுக்கும் உள்ள இடைவெளியைத்தான் நான் இன்று பேசுகிறேன்.

மறைக்கப்பட்ட உழைப்பு படத்துக்குள் மட்டும் இல்லை. படத்துக்கு வெளியிலும் இருக்கிறது. வான்கோ இறந்து ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது 28 வயது, கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. விலை போகாத நூற்றுக்கணக்கான படங்களும் ஒரு மூட்டைக் கடிதங்களும் அவர் கைக்கு வந்தன. தூக்கிப் போட்டுவிடு என்று சொன்னவர்களும் உண்டு. அவர் ஹாலந்துக்குத் திரும்பி, தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே, கண்காட்சிகள் ஏற்பாடு செய்தார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 400க்கு மேற்பட்ட படைப்புகளை வைத்து மாபெரும் கண்காட்சி நடத்தினார். 1914இல் கடிதங்களை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். அவர் தொழிலாளர் கட்சியில் உறுப்பினர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வான்கோவின் புகழ் தானாக வந்தது, காலம் அவருக்கு நீதி வழங்கியது என்றெல்லாம் எழுதுகிறார்கள். காலம் எதையும் வழங்கவில்லை. ஒரு கைம்பெண் 34 ஆண்டுகள் வேலை செய்தார். அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாறு 2019இல்தான் வந்தது. எழுதியவர் ஹான்ஸ் லெய்டன்.

இப்போது பாரிசுக்குப் போவோம். எதுவார் மானே 1863இல் வரைந்து 1865இல் காட்சிக்கு வைத்த 'ஒலிம்பியா'. கட்டிலில் ஆடையின்றி ஒரு வெள்ளைப் பெண் நம்மை நேராகப் பார்க்கிறார். பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலடியில் ஒரு கறுப்புப் பூனை. அன்றைக்குப் பாரிசே கொதித்தது. தேவதை என்ற பொய்ப் பெயர் இல்லாமல் ஒரு விலைமாதை விலைமாதாகவே காட்டிவிட்டார் என்று.

இந்தப் படத்தில் இரண்டு பெண்கள். இரண்டு பேரையும் புத்தகங்கள் எப்படி நடத்தின என்று பார்ப்போம்.

கட்டிலில் இருப்பவர் விக்டோரின் மூரான். மானேயின் பல படங்களில் இருப்பவர். குடித்துச் சீரழிந்து இளம் வயதில் இறந்துபோனார் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வந்தார்கள். யூனிஸ் லிப்டன் என்ற கலை வரலாற்றாளர் தேடிப்போய் 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். விக்டோரின் இளம் வயதில் சாகவில்லை. 1927 வரை, 83 வயது வரை வாழ்ந்தார். அவரும் ஓவியர். 1876இல் பாரிசின் அரசு ஓவியக் கண்காட்சி அவருடைய படத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு மானேயின் படங்களை அது நிராகரித்தது! ஓவியரின் எதிரே உட்கார்ந்த பெண்ணும் தூரிகை பிடித்திருப்பார் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நிற்பவர் லோர். மானே தன் குறிப்பேட்டில் அவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்திருந்தார்: வேந்திமில் தெரு, 11ஆம் எண், மூன்றாம் மாடி. ஆக, பெயர் தொலைந்து போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் தேவைப்பட்டு எடுக்கவில்லை. பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது 1848இல். அதிலிருந்து 15 ஆண்டுகளில் வரைந்த படம் இது. லோர் அடிமை அல்ல, பாரிசில் வாடகை கொடுத்துக் குடியிருந்த கூலித் தொழிலாளி. ஆனால் மானேக்காக வாதாடிய எமிலி ஸோலாவே என்ன எழுதினார்? படத்தில் கருமையான திட்டு ஒன்று தேவைப்பட்டது, அதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணையும் ஒரு பூனையையும் மூலையில் வைத்தார் என்ற பொருளில் எழுதினார். பிற்காலத்தில் டிரைஃபசுக்காக அரசையே எதிர்த்து நின்ற அதே ஸோலா. நல்லவர்களின் கண்ணிலும் படாமல் போகிறவர்கள் உண்டு.

நூறு ஆண்டு கழித்தும் அது மாறவில்லை. டி.ஜே. கிளார்க் என்ற மார்க்சியக் கலை வரலாற்றாளர் 1980களின் நடுவில் மானே காலத்துப் பாரிசைப் பற்றி மிகச் சிறந்த நூல் ஒன்று எழுதினார். ஒலிம்பியாவைப் பற்றி நீண்ட அத்தியாயம். வர்க்கம், பணம், உடல் எல்லாவற்றையும் அலசினார். அவருடைய நண்பர் ஒருவர் படித்துவிட்டு, கட்டிலில் இருக்கும் வெள்ளைப் பெண்ணைப் பற்றி ஐம்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறாய், பக்கத்தில் நிற்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றி அநேகமாக ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டாராம். கிளார்க் இதை மறைக்கவில்லை. 1999இல் வந்த மறுபதிப்பின் முன்னுரையில் தானே எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். கூடவே ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறேன். வர்க்கத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு நிறம் தானாகத் தெரிந்துவிடாது. தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த அத்தியாயத்தை எழுதியவர் டெனிஸ் மரெல் என்ற கறுப்பின அமெரிக்க ஆய்வாளர். அவருடைய நூலும் கண்காட்சியும் 2018இல் வந்தன. லோர் குடியிருந்த வட பாரிஸ் பகுதியில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், தையலும் குழந்தை வளர்ப்புமாக என்னென்ன வேலை செய்தார்கள் என்று எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் அந்தக் கண்காட்சியை விரிவாக்கி நடத்தியபோது, பழைய படங்களின் பெயர்களையே மாற்றி எழுதி வைத்தது. 'நீக்ரோ பெண்' என்று இருந்த மானேயின் இன்னொரு படம் 'லோரின் உருவப்படம்' ஆனது. 1800இல் பெனுவா என்ற பெண் ஓவியர் வரைந்த படம் 'மதலேனின் உருவப்படம்' ஆனது. சுவரில் ஒட்டிய சின்ன அட்டைதான். ஆனால் அந்த அட்டையில் ஒரு பெயர் ஏறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இங்கே நம் ஊருக்கும் ஒரு நூல் இழை ஓடுகிறது. கரீபியத் தீவுகளின் கறுப்பினப் பெண்கள் தலையில் கட்டிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பெயரே 'மதராஸ்'. தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய துணி அது. லோர் தலையில் கட்டியிருப்பது அந்தத் தீவுகளின் தலைக்கட்டு வழக்கம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அடிமைகளின் தலைக்குப் போன அந்தத் துணியை நெய்தவர்களின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. துணிக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. நெய்த கைக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாகப் பால் கோகன். பங்குச் சந்தை வேலையை விட்டு ஓவியரானவர். மனைவி மெத்தேயையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுவிட்டு 1891இல் தாகித்தித் தீவுக்குப் போனார். இவரை மனத்தில் வைத்துச் சோமர்செட் மாம் 1919இல் ஒரு நாவல் எழுதினார். கலைக்காக எல்லாவற்றையும் துறந்த மனிதன் என்று படித்தவர்கள் சிலிர்த்தார்கள். எதைத் துறந்தார்? அவர் துறந்ததை மெத்தே சுமந்தார். கோபன்ஹேகனில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தத் துறவைப் பற்றி நாவல் கிடையாது.

தாகித்தி அப்போது பிரான்சின் காலனி. அங்கே கோகன் தெஹாமனா என்ற சிறுமியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். தன் படங்களுக்கு விளக்கம்போல அவர் எழுதிய 'நோவா நோவா' என்ற நூலில் சிறுமிக்குப் பதின்மூன்று வயது இருக்கும் என்று அவரே சொல்கிறார். அந்த நூலில் தெஹாமனா தன் மக்களின் பழங்கதைகளையும் தெய்வங்களையும் பற்றி அவருக்குச் சொல்கிறாள். ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அந்தக் கதைகள் 1837இல் வந்த மோரன்ஹூட் என்ற ஐரோப்பியரின் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று தெரிந்தது. அவளுடைய உடலைக் கித்தானில் வைத்தார், ஓர் ஐரோப்பியரின் புத்தகத்தை அவள் வாயில் வைத்தார். அவள் உண்மையில் என்ன பேசினாள் என்பது நமக்கு வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். கோகன் பாரிஸ் போய்விட்டு 1895இல் திரும்பியபோது அவளுக்கு வேறொருவரோடு திருமணம் ஆகியிருந்தது. அவள் அவரோடு நிலைத்து வாழவில்லை. அவளுடைய கருத்து என்று நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அதுதான்.

கோகனைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு மரியோ வர்கஸ் யோசா 2003இல் வெளியிட்ட நாவலைச் சொல்வேன். அதில் ஓர் அத்தியாயம் கோகன், அடுத்த அத்தியாயம் அவருடைய பாட்டி ஃப்ளோரா திரிஸ்தான். பெண் விடுதலையும் தொழிலாளர் விடுதலையும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று 1843இலேயே புத்தகம் எழுதி, ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களைத் திரட்டி, அந்தப் பயணத்திலேயே 1844இல் இறந்தவர். பேரன் சொர்க்கத்தைத் தனக்காகத் தேடினார், பாட்டி எல்லோருக்காகவும் தேடினார். உலகம் யாருடைய பெயரை அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு இரண்டு மறுப்புகள் வரலாம். ஒன்று, மனநோயில் துடித்த ஒரு மனிதரிடம் போய்க் கணக்குக் கேட்பது கொடுமை இல்லையா என்பது. வான்கோவின் துன்பத்தை நான் குறைக்கவில்லை. இரக்கம் என்பது அளந்து வைத்த தானியம் அல்ல, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைந்துபோக. வான்கோவுக்காக வருந்தத் தெரிந்தவருக்குச் சியனுக்காகவும் வருந்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, படத்தைப் படமாகப் பார்க்காமல் பெயரைத் தேடுவது ரசனைக் கேடு என்பது. மரெலின் நூலைப் படித்துவிட்டு ஒலிம்பியாவைப் பாருங்கள். முன்பு ஒரு பெண்ணும் ஒரு பின்னணியும் தெரிந்த இடத்தில் இப்போது உழைக்கும் பெண்கள் இரண்டு பேர் தெரிவார்கள். படம் சிறுத்துவிட்டதா, பெரிதாகியிருக்கிறதா? கோகனின் படங்களை எரிக்கச் சொல்லவில்லை. அவரை மன்னிக்கும் வேலையை மட்டும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மேதை என்ற சொல், மற்றவர்களுக்குப் பொருந்தும் நியாயத்திலிருந்து ஒருவருக்கு விலக்கு வாங்கித் தரும் சீட்டு ஆகிவிடக் கூடாது.

ஆகவே, ஓவியர்களைப் பற்றிய எந்த நூலைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஓவியரின் ரொட்டிக்குப் பணம் கொடுத்தது யார்? எதிரே உட்கார்ந்தவரின் பெயர் என்ன, அவருக்கு என்ன கூலி, ஓவியர் போன பிறகு அவர் என்ன ஆனார்? ஓவியர் இறந்த பிறகு படங்களைக் காப்பாற்றியது யார்? இந்த மூன்றுக்கும் பதில் தேடும் நூல் நல்ல நூல். கேள்வியே எழாத நூலை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சந்தேகத்தோடு படியுங்கள்.

முதலில் படிக்க எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், நாவலை அல்ல, கடிதங்களைச் சொல்வேன். வான்கோ எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 902 கடிதங்கள் 2009இல் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் நெசவாளியின் கூலி இருக்கிறது, ரூலனின் சம்பளம் இருக்கிறது. வான்கோவைத் தனி மேதையாக்கிய புத்தகங்களைவிட வான்கோ நேர்மையானவர்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். லோரின் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்ட ஒற்றை வரி. காப்ரியேலின் பெயர் கிடைத்தது பழைய ஆவணங்களிலிருந்து. எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க முடியும். நாமும் நம் இயக்கங்களின் வரலாற்றையும் நம் முன்னோடிகளின் வாழ்க்கையையும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மேடையில் பேசியவரின் பெயரை எழுதுகிறோம். துண்டறிக்கைக்கு அச்சுக் கோத்தவர், வந்தவர்களுக்கு ஆக்கிப் போட்டவர், தலைமறைவாக இருந்தவரை வீட்டில் வைத்துக் காத்தவர் ஆகியோரின் பெயர்கள்? இன்னும் உயிரோடு இருப்பவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பெயராவது நாம் வாசிக்க வேண்டும்.